பாட்டுக்கு வேலி வேண்டாம், பாடியவர் பெயரை அழிக்கவும் வேண்டாம்

(ஹேவ்லாக்கில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு இருக்கிறது, குடியிருப்புப் பிரச்சினை இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் கிடைக்காத தொல்லை இருக்கிறது. இத்தனையும் இருக்கக் கவிதையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். ஒருவர் உழைத்து உண்டாக்கியதை யார் பயன்படுத்துவது? அதில் யார் காசு பார்ப்பது? அதன் மேல் யார் பெயர் நிற்பது? சங்கம் என்று ஒன்று தோன்றியதே இந்தக் கேள்விகளுக்காகத்தான். அரிசிக்கும் செங்கல்லுக்கும் கேட்கும் அதே கேள்வியைப் பாட்டுக்கும் கேட்போம் என்றுதான் வந்திருக்கிறோம்.

இந்தத் தீவுக்கு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். நம் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். பெயர் மாறியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று 2020 ஆகஸ்டு 10ஆம் தேதி வந்தது. சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பி இழுத்து, போர்ட் பிளேருக்கும் மற்ற ஏழு தீவுகளுக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். அந்த ஏழில் ஹேவ்லாக்கும் ஒன்று. அதற்கு முன்னால் இங்கே இணையம் செயற்கைக்கோள் வழியாக வந்தது. ஒரு படம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். இன்று கட்டட வேலை முடிந்து வருகிற தம்பி, திண்ணையில் உட்கார்ந்தபடியே தஞ்சாவூரில் பாடிய பாட்டைக் கேட்கிறான். தான் எழுதிய நாலு வரியைக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறான்.

அந்தக் கம்பியில் நல்லதும் வருகிறது, குப்பையும் வருகிறது. பாரதியார் எழுதவே எழுதாத வரிகள் பாரதியார் படத்தோடு வருகின்றன. ஒருவர் எழுதிய கவிதை இன்னொருவர் பெயரில் வருகிறது, அல்லது பெயரே இல்லாமல் வருகிறது. பழைய பாட்டில் இரண்டு வார்த்தை மாற்றி, புது மெட்டுப் போட்டு, 'என் பாட்டு' என்று போடுகிறார்கள். 'இதெல்லாம் திருட்டா? பகிர்ந்துகொள்வது குற்றமா? பழசை மாற்றிப் புதுசாகப் பாடக் கூடாதா?' என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் சொந்த வரலாற்றை வைத்தே பதில் சொல்லலாம்.

முதலில், மாற்றிப் பாடுவது. இது தமிழனுக்குப் புதிய பழக்கம் அல்ல. தொல்காப்பியத்தின் மரபியலில் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முன்னே இருந்த நூலைப் பின்பற்றி எழுதுவது வழிநூல். அதற்கு நான்கு வழி சொல்கிறது தொல்காப்பியம். விரிந்து கிடப்பதைத் தொகுக்கலாம், சுருங்கி இருப்பதை விரிக்கலாம், தொகுத்தும் விரித்தும் செய்யலாம், வேறு மொழியிலிருந்து நம் மொழி மரபுக்கு ஏற்பப் பெயர்த்துச் செய்யலாம். ஒருவர் செய்ததை எடுத்து இன்னொருவர் வேறாகச் செய்வதற்கு இலக்கணமே வகுத்த மொழி இது. வான்மீகி இல்லாமல் கம்பன் இல்லை. ஆனால் வான்மீகி பாடியதைத்தான் பாடுகிறேன் என்பதைக் கம்பன் மறைக்கவும் இல்லை. இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரதியையே எடுத்துக்கொள்வோம். 1908ஆம் ஆண்டு. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொழிலாளர்களைத் திரட்டி நிற்கிறார். திருநெல்வேலிக் கலெக்டர் விஞ்ச் துரை அவரை மிரட்டுகிறான். இந்த நிகழ்ச்சியைப் பாட பாரதி எடுத்துக்கொண்ட மெட்டு எது தெரியுமா? கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் மெட்டு. நந்தன் யார்? ஆண்டையின் நிலத்தில் உழைத்த பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு ஆண்டை முன்னால் நின்றவன். அந்த மெட்டு காதில் விழுந்ததும் பண்ணையாளும் ஆண்டையும் கேட்பவன் மனத்தில் வந்து நிற்பார்கள். வெள்ளைக்காரக் கலெக்டர்தான் புதிய ஆண்டை என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டை எடுத்துப் புதிய போராட்டத்துக்கு ஆயுதமாக்கினார் பாரதி. கும்மியும் சிந்தும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தன. அன்று மெட்டுக்கு வேலி போட்டிருந்தால் இந்தப் பாட்டு பிறந்திருக்காது.

ஆனால் பிற்பாடு அந்தப் பாரதியின் பாட்டுக்கே வேலி போட்டார்கள். அந்தக் கதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பாரதி 1921 செப்டம்பரில் இறந்தார். குடும்பத்துக்கு அவர் வைத்துப் போன சொத்து அவருடைய எழுத்துதான். மனைவி செல்லம்மா பதிப்பிக்கப் பார்த்தார், தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1928இல் பர்மா அரசாங்கம் பாரதி பாடல்களுக்குத் தடை போட்டது. உடனே சென்னை அரசாங்கமும் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. ரங்கூனில் தமிழன் கையில் பாரதி இருந்ததைக் கண்டுதான் அவர்களுக்கு முதலில் பயம் வந்திருக்கிறது. பிழைக்கப் போன இடத்துக்குத் தமிழன் பாட்டையும் சுமந்துகொண்டு போனான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

பிறகு நூல்களின் பதிப்புரிமை பாரதியின் தம்பி விசுவநாதனிடம் போனது. இசைத்தட்டுக்கும் ஒலிபரப்புக்குமான உரிமை தனியாக ஒரு வியாபாரிக்கு விற்கப்பட்டு, கை மாறி, 1940களில் ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947இல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகளை ஊரே பாடியது. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்களுடைய 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். செட்டியார் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீசு வந்தது. உரிமை என்னுடையது, கேட்காமல் எப்படிப் பாடலாம் என்று!

அவர் சட்டப்படி காசு கொடுத்து வாங்கியவர்தான். சட்டத்தில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. நாட்டு விடுதலைக்குப் பாடியவன் பாட்டு ஒரு கம்பெனியின் பெட்டியிலா பூட்டிக் கிடப்பது என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். பாரதி விடுதலைக் கழகம் என்றே ஒரு அமைப்புக் கண்டார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி.கே.சண்முகம் முதலானவர்கள் திருநெல்வேலிக்குப் போய், செல்லம்மா பாரதியைப் பார்த்துச் சம்மதம் கேட்டார்கள். நாட்டுக்காகக் கேட்கிறோம், குடும்பத்தைக் கேட்காமல் செய்யலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்தப் பண்பைக் கவனியுங்கள்.

1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை அரசிடம் விட்டுக்கொடுத்தார். 1955இல் அந்த உரிமையை அரசு தன் கையிலும் வைத்துக்கொள்ளாமல் மக்களுக்கே விட்டுவிட்டது. அன்று முதல் பாரதியை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம், நடிக்கலாம். இந்த வரலாற்றை ஆ.இரா.வேங்கடாசலபதி ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அன்றைய சட்டப்படி கவிஞர் இறந்து 50 ஆண்டுகள், அதாவது 1971 முடியும்வரை காத்திருந்திருக்க வேண்டும். கேட்டுப் போராடியதால் 16 ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்தது.

இந்தத் தீவில் நம் அண்டை வீட்டார் வங்காளிகள். 1950களில் அகதிகளாக வந்து காடு திருத்திக் குடியேறியவர்கள். கோவிந்த நகரிலும் சியாம் நகரிலும் அவர்கள் வீட்டில் ரவீந்திரநாத் தாகூர் பாட்டுக் கேட்காத நாள் இருக்காது. அவர்கள் கதை வேறு மாதிரிப் போனது. தாகூர் 1941இல் இறந்தார். 1991 முடிவில் 50 ஆண்டுகள் நிறைந்து பாட்டு பொதுவாகியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து இந்திய அரசு சட்டத்தைத் திருத்தி 50ஐ 60 ஆக்கியது. விசுவபாரதியின் பிடியில் அந்தப் பாட்டுகள் இன்னும் பத்தாண்டுகள், 2001 முடியும்வரை, இருந்தன. எப்படிப் பாடவேண்டும், எந்த வாத்தியம் வைக்கலாம் என்பதற்கெல்லாம் அங்கே ஒரு இசைக் குழுவின் அனுமதி தேவைப்பட்டது. தேவவிரத விசுவாஸ் என்ற மாபெரும் பாடகர் இந்தக் கெடுபிடியில் மனம் நொந்து, தாகூர் பாட்டுகளை இசைத்தட்டுக்குப் பாடுவதையே நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு தாதாவிடம் கேளுங்கள், இன்னும் வருத்தத்தோடு சொல்வார். பாட்டைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவர்கள் பாடுகிறவன் வாயை அடைத்தார்கள்.

தாகூருக்காக நீட்டிய அந்தச் சட்டம்தான் இன்று எல்லோருக்கும் பொருந்துகிறது. எழுதியவர் வாழும் காலமும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் எழுத்துக்கு உரிமை உண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல், 29 வயதில் நம்மை விட்டுப் போனார். அவர் வரிகளுக்கு அந்த 60 ஆண்டுகள் 2019 முடிவில் தீர்ந்தன. இப்போது அவற்றை அச்சிடலாம், மேடையில் பாடலாம். ஆனால் இசைத்தட்டில் பதிவான பாட்டு வேறு சரக்கு. மெட்டுக்கு இசையமைப்பாளர் உரிமை தனி, ஒலிப்பதிவுக்கு உரிமை தனி, ஒவ்வொன்றுக்கும் கணக்குத் தனி. வரி பொதுச்சொத்தாகிவிட்டது என்பதால் அந்தப் பதிவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. யூடியூபில் போட்டு, உரிமைப் புகார் வந்து, பாட்டு மறைந்துபோனது என்று குழம்புகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுவானதை மக்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கு.கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் பிழைக்கப் போன தமிழர்கள், வேலை முடிந்த நேரத்தில் உட்கார்ந்து, திருக்குறள் முதல் பாரதி வரை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்தார்கள். ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்களே, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயினவே, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அதில் போயின. ஓர் இடத்தில் மட்டும் இருப்பதை ஒரு தீக்குச்சி அழித்துவிடும். ஆயிரம் இடத்தில் இருப்பதை எந்தத் தீயும் அழிக்காது. பகிர்வது என்பது காப்பாற்றுவதும்தான்.

இந்த அந்தமான் மண்ணுக்கே அது தெரியும். 1857 புரட்சிக்காக இங்கே நாடு கடத்தப்பட்டு, 1861இல் இங்கேயே இறந்த ஃபஸ்லே ஹக் கைராபாதி, கைதியாக இருந்தபடியே அரபு மொழியில் கவிதைகள் எழுதினார். இங்கிருந்து விடுதலையாகிப் போன இன்னொரு கைதி வழியாக அவை மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒருவர் சுமந்து போனதால்தான் அந்தக் கவிதைகள் இன்று இருக்கின்றன.

'அப்படியானால் எல்லாமே எல்லோருக்கும் பொது என்று அறிவித்துவிடலாமே?' என்று ஒரு தோழர் கேட்கலாம். அங்கேதான் நிதானம் வேண்டும். எழுதிப் பிழைப்பவனும் உழைப்பாளிதான். 2009இல் தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குவதாக அறிவித்தபோது, கண்ணதாசன் குடும்பத்தாரும் சுந்தர ராமசாமி குடும்பத்தாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் உரிமை. சினிமாவில் ஒரு தடவை கூலி கொடுத்துப் பாட்டெழுதி வாங்கி, பிறகு காலமெல்லாம் கம்பெனியே சம்பாதிக்கிற வழக்கம் இருந்தது. ஜாவேத் அக்தர் போன்ற கவிஞர்கள் போராடினார்கள். 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வருமானத்தில் உள்ள பங்கை எழுதி வாங்கிக்கொண்டு பறிக்க முடியாது என்று ஆனது. இது கூலிப் போராட்டம் அல்லவா? கூலி கேட்டுக் கொடிபிடிக்கும் நாம், ஒரு கவிஞனின் புதுப் புத்தகத்தை முழுசாகப் படமெடுத்து நூறு குழுவில் அனுப்பினால் அது எந்த நியாயம்?

நமக்கு மிக அருகில் உள்ள ஒரு பாட்டைச் சொல்கிறோம். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. இங்கேயும் எல்லாக் குழந்தைகளும் பாடின. அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. எழுதிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தோட்டத்தில் உழைத்து, நாடு திரும்பியவர். அந்தத் தலைமுறையின் ஒப்பாரியும் நினைவும் அதில் கலந்திருக்கின்றன. அதே ஆண்டு ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில், பாட்டோடு சம்பந்தப்பட்டவர் படம் வந்தபோது அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டதும் மறுபடி விவாதம் எழுந்தது. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் தத்தம் தரப்பைச் சொன்னார்கள். அதற்குத் தீர்ப்புச் சொல்ல இந்த மேடை நீதிமன்றம் அல்ல. நாம் பார்ப்பது ஒன்றுதான். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டிலேயே பெயருக்காக இவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்றால், நம் வீட்டுக் கிழவி பாடுகிற தாலாட்டுக்கு யார் பெயர் போடுவார்கள்?

இந்தத் தீவுக்கூட்டத்துக்கும் அது சொந்தக் கதை. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள். மலையகத்துப் பாட்டுகளை சி.வி.வேலுப்பிள்ளை தேடித் திரட்டி நூலாக்கினார். அவர் செய்திராவிட்டால் எத்தனையோ பாட்டு பாடியவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். கச்சாலுக்கு வந்த பாட்டை யார் திரட்டினார்கள்? 2004 சுனாமியில் கச்சால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். போன உயிர்களோடு எத்தனை பாட்டு போனதோ, கணக்கு எடுத்தவர் இல்லை.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம்.

பார்சல் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அதன் மேல் சீட்டு இருக்க வேண்டும். யார் அனுப்பியது, எங்கிருந்து வருகிறது என்று சீட்டுச் சொல்லும். சீட்டுக் கிழிந்த மூட்டையை யாரும் உரிமை கொண்டாடலாம். பாட்டுக்கும் அதே கதிதான். ஆகவே முதல் வேலை, எதை அனுப்பினாலும் எழுதியவர் பெயரோடு அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டால் 'எழுதியவர் தெரியவில்லை' என்று போடுங்கள். பாரதி தலையில் கட்டாதீர்கள். இப்போது கவிதை எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. அது தந்ததைப் பெரியவர் பெயரில் ஓடவிடுவது, அந்தப் பெரியவருக்குச் செய்கிற அவமரியாதை.

இரண்டாவது, மாற்றிப் பாடுங்கள், தாராளமாகப் பாடுங்கள். மேதினத்துக்கும் பொங்கலுக்கும் பழைய மெட்டில் நம் கூலிக் கதையைக் கட்டுங்கள். ஆனால் 'இன்னார் பாட்டைத் தழுவியது, மாற்றியவர் இன்னார்' என்று ஒரு வரி சேருங்கள். உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூடப் படைத்தவருக்குத் தன் பெயரைக் கேட்கும் உரிமையைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்பைக் கெடுத்தால் தடுக்கும் உரிமையையும் விட்டுவைத்திருக்கிறது.

மூன்றாவது, உயிரோடு இருக்கிற கவிஞரானால் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தக் கம்பி வந்தபிறகு கேட்பது கஷ்டமில்லை. பலர் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மறுத்தால் மரியாதையாக விட்டுவிடுங்கள். உங்கள் சொந்தக் கவிதையை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விரும்பினால், அதையும் அடியில் எழுதிவிடுங்கள். பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம், மாற்றினால் அதையும் இதே நிபந்தனையில் விடவேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பொது உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. விக்கிப்பீடியா இன்று நடப்பது அப்படிப்பட்ட உரிமத்தில்தான்.

நான்காவது, இதுதான் முக்கியம். நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். கைப்பேசி போதும். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, தோட்டத்துப் பாட்டு எல்லாம் வேண்டும். முதலில் அவர்களைக் கேளுங்கள். ஒப்பாரி வீட்டுத் துக்கம், அதை வெளியே விடலாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். செல்லம்மாவின் சம்மதம் கேட்க நாரண துரைக்கண்ணன் திருநெல்வேலி வரை போனார். நமக்கு அடுத்த அறைவரை போனால் போதும். பாடியவர் பெயர், சொந்த ஊர், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு இங்கு வந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படியைச் சங்கத்தில் கொடுங்கள், ஒரு படியை ஊரில் வையுங்கள். ஒரே கைப்பேசியை நம்பாதீர்கள், அது கடலில் விழ ஒரு நிமிடம் போதும்.

தோழர்களே, பாரதி பாட்டு தானாகப் பொதுச்சொத்து ஆகவில்லை. ஊர் கூடிக் கேட்டதால் ஆனது. நம் பாட்டி பாட்டும் தானாகப் பிழைத்திருக்காது. வருகிற சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு பாட்டு, பாடியவர் பெயரோடு கொண்டுவாருங்கள். அதை வாங்கி வைக்க இந்த மாதமே ஒரு நோட்டுப் புத்தகம் போடுகிறோம்.